மூத்தவர் வாயால் ஒலிக்கும் இளையவர் எழுத்து

மூத்த எழுத்தாளர் ஒருவருக்கும் இளைய எழுத்தாளர் ஒருவருக்கும் இடையே முளைக்கும் நட்பைச் சொல்லும் திரைப்படங்களில் அதிகம் பேசப்பட்டது ‘ஃபைண்டிங் ஃபொரெஸ்டர்’. குஸ் வான் சான்ற் இயக்க, மைக் ரிச்சின் திரைக்கதையில் 2000 டிசெம்பரில் வெளிவந்தது. ஒரேயொரு நாவலால் பெரும்புகழ் பெற்று, பின்னர் பல பத்தாண்டுகளாக நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் வில்லியம் ஃபொரெஸ்டராக ஷோன் கொனறி நடித்தார். அவரிடம் எழுத்துப் பழக வரும் பதினாறு வயதுக் கறுப்பின மாணவன் ஜமால் வாலஸாக வந்த ரொப் பிறவுணுக்கு அதுவே முதற்படம். கதை தெரிந்ததுதான். வசதியானவர்களின் பாடசாலையில் கூடைப்பந்துத் திறமைக்காக இடம் பெறும் ஜமால், கட்டுரைப் போட்டி ஒன்றில் திருட்டுக் குற்றம் சுமத்தப்படுகிறான். வெளியே தலைகாட்டாத கிழவர் அரங்குக்கு வந்து அவனுடைய கட்டுரையை வாசித்து அவனை மீட்கிறார்.

இந்தப் படத்தை மெச்சுவோர் பெரும்பாலும் ஒரே நியாயத்தைச் சொல்வார்கள். திறமையுள்ள இளையவருக்கு ஒரு மூத்தவர் கைகொடுக்க வேண்டும், அப்படிக் கைகொடுத்தால் உலகம் அவரை ஏற்கும், நம்முடைய இளைஞருக்கும் இப்படியொரு ஃபொரெஸ்டர் வாய்க்க வேண்டும் என்பது அது. யாழ்ப்பாணத்து இலக்கிய உலகில் இந்த நியாயத்துக்குப் படம் தேவையில்லை. அணிந்துரை, ஆசியுரை, வெளியீட்டு விழா என்ற உருவங்களில் அது இங்கே நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. படத்தையும் வழக்கத்தையும் சேர்த்து எடைபோட வேண்டியிருப்பது அதனாலேயே. இரண்டையும் தாங்கி நிற்கும் நம்பிக்கை ஒன்று, அதன் பிழையும் ஒன்று.

படத்தின் நல்ல பக்கத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். நண்பர்களின் சவாலுக்காகக் கிழவரின் வீட்டுக்குள் நுழையும் ஜமால், அங்கே தன் பையை விட்டுவிட்டு ஓடுகிறான். பை திரும்பி வரும்போது உள்ளே இருந்த கொப்பிகள் முழுவதும் அவருடைய திருத்தக் குறிப்புகள். எங்கே வளவளக்கிறது, எங்கே பொய்யாக இருக்கிறது, எங்கே மேலே வாசிக்கத் தோன்றுகிறது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். பாராட்டும் இல்லை, ஆசியும் இல்லை; முன்பின் தெரியாத ஒரு பையனின் எழுத்தை ஒருவர் வரிவரியாக வாசித்திருக்கிறார். எழுத்தைப் பற்றிய படங்களில் இத்தனை உண்மையான காட்சி அரிது. தட்டச்சுப்பொறியின் முன்னே சும்மா இருக்கும் ஜமாலிடம் தம்முடைய பழைய கட்டுரையின் முதற்பந்தியைக் கொடுத்து, சொந்தச் சொல் வரும்வரை இதைத் தட்டு என்று கிழவர் சொல்வதும் தொழில் தெரிந்தவர் எழுதிய காட்சி. ஏட்டைப் பார்த்துப் படியெடுத்துப் படித்த தமிழ் மாணாக்கர் மரபுக்கு அது புதிதும் அல்ல.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய படம், எழுத்து அரங்கேற வேண்டிய இடத்தில் எழுத்தைக் கைவிடுகிறது. பாடசாலை மண்டபத்தில் ஃபொரெஸ்டர் வாசிக்கும் காட்சியே படத்தின் உச்சம். அவர் வாசிப்பது ஜமால் எழுதியதை. முதற்சில வாக்கியங்கள் காதில் விழுகின்றன. பிறகு இசை மேலே எழுகிறது, குரல் அதற்குள் அமிழ்கிறது, மண்டபத்திலிருப்போரின் முகங்கள் வந்துபோகின்றன. வாசித்து முடிந்ததும் கைதட்டல். அதன் பின்னரே அந்தச் சொற்கள் தம்முடையவை அல்ல என்று கிழவர் அறிவிக்கிறார். ஜமாலின் எழுத்து நல்லதா, நல்லதென்றால் எப்படி நல்லது என்று பார்ப்பவர் அறிய வழியே இல்லை. பார்ப்பவர் அறிவதெல்லாம் பெரிய எழுத்தாளர் வாசித்தார், மண்டபம் உருகியது என்பதை மட்டும்.

அந்த மண்டபம் எதற்குக் கைதட்டியது என்ற கேள்வியைப் படம் கேட்கவேயில்லை. அதே கட்டுரையை ஜமால் தன் குரலில் வாசித்திருந்தால் அதே முகங்கள் உருகியிருக்குமா? சில நாள்களுக்கு முன்னர் அவனைத் திருடன் என்று சொன்ன ஆசிரியர் குரோபோட் இருந்த அதே மண்டபம் அது. அவன் வாசித்திருந்தாலும் கட்டுரையில் ஒரு சொல்லும் மாறியிருக்காது, வாசிக்கும் வாய்தான் மாறியிருக்கும். பையனின் மானத்தை மீட்டது அவனுடைய எழுத்து என்று படம் நம்பவைக்கப் பார்க்கிறது. மீட்டது கிழவரின் பெயர். ஆசிரியரின் அதிகாரம் கொடியது என்று காட்ட வந்த படம், அதைவிடப் பெரிய இன்னோர் அதிகாரத்தைக் கொண்டுவந்து அதை வெல்கிறது. அதிகாரம் அசையாமல் அப்படியே இருக்கிறது, கை மட்டும் மாறியிருக்கிறது.

இது ஒரு படத்தில் தற்செயலாக நேர்ந்த குறை அல்ல. 1994இல் வந்த ‘இல் பொஸ்தீனோ’வும் இதே வழியில்தான் போகிறது. சிலி எழுத்தாளர் அன்ரோனியோ ஸ்கார்மெற்றாவின் நாவலைத் தழுவிய அப்படத்தில், நாடுகடந்து இத்தாலியத் தீவொன்றில் வாழும் பாப்லோ நெரூடாவுடன் தபால்காரன் மரியோ நட்புக் கொள்கிறான். உவமை என்றால் என்ன என்று கடற்கரையில் இருவரும் பேசும் பகுதி அருமையானது. மரியோவாக நடித்த மாசிமோ துரோய்சி படப்பிடிப்பு முடிந்த மறுநாளே இறந்துபோனார் என்பதை அறிந்து பார்க்கும்போது மனம் கனக்கும். ஆனால் மரியோ நெரூடாவுக்காக எழுதிய கவிதையைப் பார்ப்பவர் ஒருபோதும் கேட்பதில்லை. ஊர்வலத்தில் அதை வாசிக்கப் போனவன் கலவரத்தில் உயிரிழக்கிறான். பெரிய கவிஞரின் நண்பன் என்பதே அவன் எழுத்துக்குப் போதுமான சான்று என்று அந்தப் படமும் விட்டுவிடுகிறது. இவ்வகைப் படங்களில் இளையவரின் எழுத்து எப்போதும் திரைக்குப் பின்னாலேயே நிற்கிறது. முன்னால் நிற்பது மூத்தவரின் தலையசைப்பு.

யாழ்ப்பாணத்தில் வெளிவரும் ஒரு முதற்கவிதைத் தொகுதியைக் கையில் எடுத்தால் இதே அமைப்பை அச்சில் காணலாம். அட்டையைத் திருப்பியதும் சமயப் பெரியார் ஒருவரின் ஆசியுரை. அடுத்து, கல்வித் திணைக்களத்திலோ பிரதேச செயலகத்திலோ பதவி வகிப்பவரின் வாழ்த்துரை. பிறகு பல்கலைக்கழகத்தவர் ஒருவரின் அணிந்துரை, மூத்த எழுத்தாளர் ஒருவரின் முன்னுரை, பதிப்பாளரின் பதிப்புரை. கவிஞரின் ‘என்னுரை’ வரும்போது அதுவும் மேற்சொன்ன எல்லோருக்கும் நன்றி சொல்லவே செலவாகிவிடும். இத்தனையும் கடந்த பின்னரே முதற்கவிதை. வெளியீட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலும் இதே வரிசையில்தான் ஓடும். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள், நயப்புரை, கடைசியில் ஏற்புரை. கவிதை நூல் வெளியீடு என்று அழைப்பிதழில் இருக்கும். இரண்டரை மணி நேரத்தில் கவிஞர் தம் கவிதையொன்றை வாசிப்பதற்கென்று தனியாக இடம் ஒதுக்கப்பட்டிருந்தால் அது அந்த விழாவின் சிறப்பு.

அந்த உரைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். வளர்ந்துவரும் இளங்கவிஞர் என்பார்கள். சமூக அக்கறை மிக்கவர் என்பார்கள். இவரிடமிருந்து இன்னும் நிறைய எதிர்பார்க்கிறோம் என்பார்கள். எந்தக் கவிதையில் எந்த அடி தளர்ந்தது, எந்தச் சொல் வேறொருவரிடமிருந்து வந்தது, எந்தக் கதை முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடியது என்பது இருக்காது. ஒரு தொகுதிக்கு எழுதிய அணிந்துரையைப் பெயரை மாற்றி இன்னொரு தொகுதிக்கு வைத்தாலும் பொருந்தும்படியாக அவை எழுதப்படுகின்றன. ஃபொரெஸ்டர் கொப்பியின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு ஒப்பிட்டால், படத்தின் கிழவர் தம் நல்ல நாளில் செய்ததை எங்கள் வழக்கம் விட்டுவிட்டு, கெட்ட நாளில் செய்ததை மட்டும் எடுத்துக்கொண்டது புரியும்.

இதை மரபு என்று சொல்லிக் காப்பாற்றவும் இடமில்லை. மரபு வேறு மாதிரிச் சொல்கிறது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதத் தக்கவர் யார் என்று நன்னூல் வகுக்கும்போது, நூலாசிரியரின் ஆசிரியரை முதலில் வைத்து, நூலாசிரியரோடு உடன்கற்றவர், நூலாசிரியரின் மாணாக்கர், தகுதியான உரைகாரர் என்று நால்வரைச் சொல்கிறது. மேலிருந்து கீழே மட்டுமன்றி, பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் பாயிரம் வரலாம் என்பது இதன் பொருள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன்பயின்றவர் என்றே மரபு கூறும். பாயிரம் எவற்றைச் சொல்ல வேண்டும் என்பதையும் நன்னூல் எண்ணித் தருகிறது. ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டு. காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. எட்டிலும் பதினொன்றிலும் புகழ்ச்சி என்ற ஒன்று இல்லை. வாசகர் நூலுக்குள் போவதற்கு வேண்டிய தகவலே பாயிரத்தின் வேலை. இன்றைய அணிந்துரைகளில் பெரும்பாலானவை இந்தப் பதினொன்றில் ஆக்கியவர் பெயரையும் நூலின் பெயரையும் தவிர வேறொன்றையும் தருவதில்லை.

புகழ்ச்சி வந்து சேர்ந்தது சாற்றுக்கவி வழியாக. அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் நூலின் முன்னால் வித்துவான்கள் பலர் பாடிய சாற்றுக்கவிகளைச் சேர்ப்பது பெருவழக்காயிற்று. அக்காலத்திலேயே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தாம் பதிப்பித்த வீரசோழியம், கலித்தொகை போன்றவற்றுக்கு எழுதிய பதிப்புரைகள் வேறு ரகம். ஏடு எங்கே கிடைத்தது, எந்த நிலையில் கிடைத்தது, எங்கே ஐயம் தீரவில்லை என்பதை அவை பேசுகின்றன. யாழ்ப்பாணத்துக்கு முன்னால் இரண்டு வழிகளும் இருந்தன. நூலகத்துக்கு உதவிய வழியை விட்டு, மேடைக்கு உதவிய வழியையே பின்வந்தவர்கள் பெரிதும் பிடித்துக்கொண்டார்கள்.

மூத்தவர் இளையவரை வளர்த்ததே இல்லையா என்று கேட்கலாம். நிறைய வளர்த்தார்கள், ஆனால் வளர்த்த இடம் அணிந்துரை அல்ல. இதழ். நா. பொன்னையா 1930இல் தொடங்கி 1958 வரை வெளிவந்த ஈழகேசரியில் எழுதிப் பழகியவர்கள்தான் பிற்காலத்து ஈழத்துச் சிறுகதைக்கும் கவிதைக்கும் முதல் தலைமுறையாக நின்றார்கள். 1946இல் வரதர் முன்னின்று வெளியிட்ட மறுமலர்ச்சி இரண்டு ஆண்டுகளே நின்றது. அப்போது வரதர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அ. செ. முருகானந்தன், மகாகவி போன்றோர் அதைச் சூழ்ந்து எழுதியபோது அவர்களும் இளைஞர்களே. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினார், பெரியவர் கையொப்பத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை.

டொமினிக் ஜீவாவின் வாழ்க்கை இந்த விடயத்தில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. 1927இல் பிறந்த அவர் சாதி இழிவின் காரணமாகப் பாடசாலையை விட்டு வெளியேறி, யாழ்ப்பாண நகரில் சலூன் தொழில் செய்தவர். இந்தியாவில் கம்யூனிஸ்டுகள் தலைமறைவாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணம் வந்திருந்த ப. ஜீவானந்தத்தைச் சந்தித்து, அவர்மேல் கொண்ட பற்றால் ஜீவா என்ற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். மூத்தவர் ஒருவரின் நட்பு ஒரு தொழிலாளியை எழுத்தாளராக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் ஜீவானந்தம் அவருக்குக் கொடுத்தது ஒரு பார்வையை, சான்றிதழை அல்ல. ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது அக்கதைகளின் பலத்தில். 1966 ஓகஸ்ற்றில் ஜீவா மல்லிகையைத் தொடங்கினார். சலூனிலிருந்தே இதழ் நடந்தது. பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு வீதிவீதியாகச் சென்று தாமே விற்றார். நானூறு இதழ்களைக் கடந்து அது நின்றது. முகவரி தெரியாத எத்தனையோ இளையவர்களின் முதற்கதை மல்லிகையில் வந்தது. அதுதான் கைகொடுத்தல். பெயர் தெரியாத ஒருவரின் எழுத்தை எடுத்து, வாசித்து, அச்சிட்டு, வாசகர் முன்னே விட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வது. அந்தக் கதை நின்றால் நிற்கும், விழுந்தால் விழும்.

அதே மல்லிகை மாதந்தோறும் அட்டையில் எழுத்தாளர் ஒருவரின் படத்தைப் போட்டு, உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டது. ஆளைப் பதிவுசெய்யும் நோக்கம் மெச்சத்தக்கது. ஈழத்து இலக்கிய வரலாறு எழுதுவோர் அந்தப் பக்கங்களை இன்றும் புரட்டுகிறார்கள். ஆனாலும் அந்தக் கட்டுரைகளில் பல ஆளைப் பேசிய அளவுக்கு எழுத்தைப் பேசவில்லை. ஒரே இதழுக்குள்ளேயே இரண்டு போக்குகளும் இருந்தன என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தில் இல்லாததும் அணிந்துரையில் இருக்க முடியாததுமான இன்னொன்று சண்டை. இணைப்புச் சொல்லால் வாக்கியத்தைத் தொடங்கலாமா என்று ஒருமுறை வாதிடுவதைத் தவிர, ஃபொரெஸ்டரும் ஜமாலும் எழுத்தைப் பற்றி எங்கும் முரண்படுவதில்லை. அவர்கள் கோபித்துக்கொள்வதெல்லாம் வாக்குறுதி மீறியதற்காக, வெளியே வரப் பயந்ததற்காக. கிழவரின் நாவல் ஏன் நல்லது, அதில் எது பழுது, புரொங்ஸ் பையனுக்கு அந்த நாவலில் எது அந்நியம் என்று ஜமால் ஒருபோதும் கேட்பதில்லை. ஐம்பது ஆண்டு இடைவெளியும் நிற இடைவெளியும் உள்ள இரண்டு எழுத்தாளர்கள் பேசிக்கொண்டால் முதலில் வெடிக்க வேண்டியது அந்தக் கேள்வி. படம் அதைத் தொடாமல் விட்டதால், நட்பு என்று காட்டப்படுவது கடைசியில் ஒரு வழிபாடாகவே தேங்குகிறது.

ஈழத்து இலக்கியம் உயிரோடு இருந்த காலங்களோ சண்டைக் காலங்கள். 1960களின் தொடக்கத்தில் பேச்சுத் தமிழில் கதை எழுதிய இளையவர்களைப் பண்டிதர்கள் இழிசனர் வழக்கில் எழுதுவோர் என்று தாக்கினார்கள். இளையவர்கள் திருப்பித் தாக்கினார்கள். அந்த மரபுப் போராட்டத்தில் அவர்கள் பண்டிதர்களிடம் ஆசியுரை வாங்கியிருந்தால் டொமினிக் ஜீவாவின் கதைமாந்தரும் கே. டானியலின் கதைமாந்தரும் தங்கள் சொந்த மொழியில் பேசியிருக்க மாட்டார்கள். 1972இல் வந்த டானியலின் ‘பஞ்சமர்’ நாவலுக்குத் தரை போட்டது அந்தச் சண்டை. அதில் வென்ற இளையவர்களின் முற்போக்கு அணியும் விரைவில் ஓர் அதிகாரமாயிற்று. அப்போது புங்குடுதீவிலிருந்து மு. தளையசிங்கம் எழுந்து வந்தார். 1956 முதல் 1963 வரையான ஏழாண்டு இலக்கிய வளர்ச்சியை மதிப்பிட்டு அவர் எழுதியபோது முப்பது வயதையும் தொட்டிருக்கவில்லை. அந்த அணியின் விமர்சகர்களான கைலாசபதி, சிவத்தம்பி இருவரின் அளவுகோல்களை நேரடியாகக் கேள்விக்கு உட்படுத்தினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் செல்வாக்கின் உச்சியில் நின்ற விமர்சகர்களை வாசித்து, மதித்து, மறுத்து எழுதியது அந்தத் தலைமுறைக்குச் செய்த பெருந்தொண்டு. 1975இல் தொடங்கிய அ. யேசுராசாவின் அலையும் அதே துணிவில் நடந்த இதழ். சிறிய இதழாக இருந்தும் பெரிய பெயர்களோடு மோதியதாலேயே அது இன்றும் தேடி வாசிக்கப்படுகிறது.

இளையவரோடு பழகுவது எப்படி என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. ஏ. ஜே. கனகரட்னா ஃபொரெஸ்டரைப் போலவே குறைவாக எழுதியவர். ‘மத்து’ போன்ற சிறிய நூல்களும் மொழிபெயர்ப்புகளுமே அவர் விட்டுச்சென்றவை. ஆனால் கதவை அடைத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் வாசித்ததையெல்லாம் தம்மைவிட மிக இளையவர்களோடு பகிர்ந்து, அவர்களுக்காகவே மொழிபெயர்த்து, அவர்களுடைய இதழ்களில் எழுதி, மேடையை மட்டும் தவிர்த்து வாழ்ந்தார். 2006இல் அவர் மறைந்தபோது அவரைப் பற்றி எழுதிய பலரும் அவரிடம் கேட்ட கேள்விகளையும் நடந்த உரையாடலையுமே நினைவுகூர்ந்தார்கள்.

‘சொல்லாத சேதிகள்’ தொகுதியை இங்கே மறக்க முடியாது. யாழ்ப்பாணப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட இந்தச் சிறு நூலில் பத்துப் பெண்கள் எழுதினார்கள். அவர்களுள் ஒருவரான சிவரமணி அப்போது பதின்பருவத்தைத் தாண்டாதவர். நூலுக்கு முன்னுரை எழுதியவர் சித்திரலேகா மௌனகுரு. அந்த முன்னுரை ஆசி வழங்கவில்லை. பெண்கள் ஏன் எழுத வந்தார்கள், எதை எழுதுகிறார்கள் என்று நன்னூல் கேட்ட காரணத்தையும் பொருளையும் எடுத்துச் சொன்னது. ஈழத்துத் தமிழ்க் கவிதையைத் திருப்பிய நூல்களில் அது ஒன்று.

படத்துக்கு அதன் முடிவில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஃபொரெஸ்டர் ஸ்கொட்லாந்தில் இறந்த பின், அவருடைய இரண்டாவது நாவலின் கையெழுத்துப்படி ஜமாலுக்கு வந்து சேர்கிறது. முன்னுரை எழுதுபவர் ஜமால் வாலஸ் என்று தலைப்பிட்ட பக்கம் வெறுமையாக இருக்கிறது. மூத்தவரின் நூலுக்கு இளையவர் பாயிரம் எழுத வேண்டும். நன்னூல் அனுமதித்த மூன்றாம் வகை. படம் முழுவதிலும் ஆழமாக யோசிக்கப்பட்ட இடம் இதுதான். ஆனால் அதைச் சொன்னவுடனே படம் முடிந்துவிடுகிறது. ஜமால் என்ன எழுதினான் என்பது மறுபடியும் தெரியாது.

ஈழத்தில் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அளவெட்டியில் பிறந்த மகாகவி து. உருத்திரமூர்த்திக்கும் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமானுக்கும் பதினேழு வயது இடைவெளி. ஒருவர் வடக்கு, மற்றவர் கிழக்கு. ஒருவர் சைவ வேளாண் கிராமத்திலிருந்து வந்தவர், மற்றவர் முஸ்லிம் சமூகத்தவர். எதிர்பாராத நட்பு என்று படம் விளம்பரப்படுத்துவதை இங்கே வாழ்க்கை விளம்பரமின்றிச் செய்தது. மகாகவியின் ‘கோடை’ நாடகம் கல்முனையிலிருந்து வாசகர் சங்க வெளியீடாக 1970இல் வந்தது. 1971இல் மகாகவி 44 வயதில் காலமானார். செல்வாக்குள்ள விமர்சகர்கள் அவரைப் போதிய அளவு பேசாது விட்டபோது, நுஃமானும் சண்முகம் சிவலிங்கமும் அவருக்காக வாதாடினார்கள். நுஃமான் அவருடைய கவிதைகளைத் தொகுத்தார், காவியங்களையும் நாடகங்களையும் பதிப்பித்தார், பேச்சோசையை யாப்புக்குள் மகாகவி எப்படிக் கொண்டுவந்தார் என்பதைச் செய்யுளை எடுத்துக்காட்டி விளக்கினார். 1984இல் யேசுராசாவோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ நூலில் மகாகவிக்குரிய இடம் உறுதிப்பட்டது. இன்று மகாகவி படிக்கப்படுகிறார் என்றால் அதில் ஓர் இளையவரின் உழைப்புப் பெரும்பங்கு. அவர் சொன்னதை ஏற்கவும் மறுக்கவும் வாசகருக்கு வழி இருக்கிறது, கவிதை கண்முன்னே இருப்பதால்.

அணிந்துரையை ஆதரிப்போர் கடைசியாக ஒரு வாதத்தைச் சொல்வார்கள். யாழ்ப்பாணம் சிறிய இடம், புத்தகம் வாங்குவோர் குறைவு, பெரியவர் பெயர் இல்லாவிட்டால் புதியவரை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. 1981இல் நூலகம் எரிந்த ஊர், 1995இல் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்த ஊர், பொருளாதாரத் தடைக் காலத்தில் பயிற்சிக் கொப்பித் தாளில் ஏடுகளை அச்சடித்த ஊர். இங்கே ஒருவர் எழுதிப் புத்தகமாக்குவதே பெரிய காரியம். அப்படிப்பட்ட ஒருவரைத் தட்டிக்கொடுப்பதில் என்ன பிழை?

பிழை, தட்டிக்கொடுத்தலோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. இடம் சிறியது என்பதனாலேயே ஆபத்தும் பெரியது. அணிந்துரை எழுதியவர், விழாவில் நயப்புரை செய்பவர், இதழில் அறிமுகம் எழுதுபவர், பரிசுக்கு நூல்களைப் பார்ப்பவர் எல்லோரும் ஒரே வட்டத்துக்குள் இருக்கிறார்கள். முன்னுரையில் புகழ்ந்த நூலை மூன்று மாதம் கழித்து விமர்சனத்தில் ஒருவரால் குறைசொல்ல முடியாது. அவர் சொல்லாவிட்டால் அவருடைய மாணவரும் சொல்லமாட்டார். இவ்வாறு ஒரு நூல் வெளியான நாளிலேயே அதைப் பற்றிய பேச்சு முடிந்துபோகிறது. இழப்பு இளையவருக்குத்தான். இரண்டாவது நூலில் எதைத் திருத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைவிட மோசம், அணிந்துரை யாரிடம் வாங்கப்போகிறோம் என்பது எழுதும்போதே தெரிந்திருந்தால், எழுத்து அவருக்குப் பிடித்த பக்கமாகச் சாய்ந்து வளரும். மூத்தவருக்கும் இது நன்மை இல்லை. கேட்டவர் எல்லோருக்கும் எழுதிக்கொடுத்து, தாம் எழுத வேண்டியதை எழுதாமல் போனவர்கள் நம்மிடையே உண்டு.

எனவே மூத்தவர்களிடம் கேட்கவேண்டியது கையொப்பம் அல்ல, நேரம். நூல் அச்சுக்குப் போகுமுன் பிரதியை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுங்கள். அதை யாரும் அறிய வேண்டியதில்லை. நூல் வந்த பின், ஆறு மாதம் கழித்து, இதழில் உங்கள் பெயரோடு விமர்சனம் எழுதுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் வரியைக் காட்டிச் சொல்லுங்கள். இதழாசிரியர்கள் அந்த விமர்சனத்துக்கும் அதற்கு இளையவர் எழுதும் மறுப்புக்கும் இடம் ஒதுக்க வேண்டும். 2007 முதல் அல்வாயிலிருந்து வரும் ஜீவநதி போன்ற இதழ்களுக்கு அது முடியாத காரியம் அல்ல. இளையவர்கள் தங்கள் முதல் நூலை ஆசியுரையும் வாழ்த்துரையும் அணிந்துரையும் இல்லாமல் வெளியிட வேண்டும். முதற்பக்கத்தைத் திறந்ததும் அவர்கள் எழுதிய முதல் வரி இருக்கட்டும். வெளியீட்டு விழாவில் வேறு எவரும் பேசுமுன் அவர்களே எழுந்து தங்கள் குரலில் வாசிக்கட்டும்.